வளரும் பிள்ளைகளும் தேகவலிமையும்: வீட்டிலேயே தொடங்கும் முறை

பதின்மூன்று வயது நிரம்பிய பிள்ளை, கையை மடக்கித் தன் புஜத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வது எவ்வீட்டிலும் காணக்கூடிய காட்சியே. உடல் வலிமை பெறவேண்டும் என்னும் ஆவல் அப்பருவத்தில் ஒருவர் சொல்லாமலே எழுகின்றது. பெற்றோர் அதனை எதிர்கொள்ளும் விதம் பெரும்பாலும் இரண்டு. “இந்த வயதில் பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும், சும்மா இரு” என்று தடுப்பது ஒன்று. “உனக்குத் தனியாகத் தேகப்பயிற்சி எதற்கு? திண்ணையில் கிடக்கிற மூட்டையை எடுத்து உள்ளே போடு” என்று வேலை ஏவுவது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. தடுக்கப்பட்ட பிள்ளை பயிற்சியை விட்டுவிடுவதில்லை. கைப்பேசியில் கண்டதைப் பின்பற்றி, பெரியவர்கள் இல்லாத வேளையில், கையில் அகப்பட்டதைத் தூக்கிப் பார்க்கின்றது. மூட்டை சுமக்க ஏவப்பட்ட பிள்ளையோ பயிற்சியின் பயனைப் பெறாமல் அதன் தீங்கை மட்டும் பெறுகின்றது. ஆதலின் இவ்விஷயத்தை நம் அங்கத்தினர்கள் சற்று விரிவாக அறிந்துகொள்வது நன்று.

வலுப்பயிற்சி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். தசைகள் ஓர் எதிர்ப்பைத் தாங்கியோ தள்ளியோ இழுத்தோ வேலை செய்யும்படி, முறையாகவும் படிப்படியாகவும் பழக்குவதே வலுப்பயிற்சியாகும். அந்த எதிர்ப்பு இரும்புக் குண்டாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தன் உடலின் எடையாகவே இருக்கலாம். நம் முன்னோர் பழகிய தண்டாலும் பஸ்கியும் இவ்வகையைச் சேர்ந்தவையே. எவர் அதிகப் பளுவைத் தூக்குகிறார் என்று பார்க்கும் போட்டி வேறு. தசையைப் பருமனாக்கி மேடையில் காட்டும் கலை வேறு. அவ்விரண்டும் இங்கே நம் நோக்கமல்ல.

வளர்த்தி நின்றுவிடுமா?

இந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் நுனிக்கருகில் குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கின்றது. எலும்பு நீள்வது அவ்விடத்தில்தான். வளர்ச்சி முடியும் பருவத்தில் அத்தட்டு இறுகி எலும்பாகிவிடும். பெண்பிள்ளைகளுக்கு இது முன்னதாகவும், ஆண்பிள்ளைகளுக்குச் சற்றுப் பின்னரும் நிகழும். இறுகாத தட்டு, சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும்விட வலுக்குறைந்தது. பலமான அடியோ, தாங்கமுடியாத பளுவோ அதனைச் சேதப்படுத்தக்கூடும் என்பது மெய்யே.

ஆனால் முறையாகக் கற்பித்து, மேற்பார்வையில் செய்யப்படும் பயிற்சியால் பிள்ளைகளின் உயரம் குறைந்ததாகச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இதனையே கூறுகின்றது. அவ்வாறாயின் இந்த எண்ணம் எங்கிருந்து பரவியது? இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆதாரங்களுள் ஒன்று, 1964-இல் டோக்கியோவில் கூடிய விளையாட்டு விஞ்ஞான மாநாட்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இருவர் அளித்த அறிக்கை. ஒதுக்குப்புறமான ஊர்களில் கடும் உழைப்பில் ஈடுபட்ட பிள்ளைகள் குட்டையாக இருந்ததை அவர்கள் கண்டனர். அப்பிள்ளைகள் செய்தது தேகப்பயிற்சி அன்று. கூலிக்கும் குடும்பத்துக்கும் சுமந்த சுமை. வயிறார உண்டார்களா, உறங்கினார்களா என்பதும் அதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டியதே.

தறியும் வயலும் உள்ள வீட்டார் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு பளுவின் அளவில் மட்டும் இல்லை. உழைப்பில் சுமையின் எடையை வேலை நிர்ணயிக்கின்றது. யூரியா மூட்டை 45 கிலோ என்றால், தூக்குபவன் முப்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள சிறுவனாயினும் அதே 45 கிலோதான். பயிற்சியில் எடையைப் பிள்ளையின் திறன் நிர்ணயிக்கின்றது. உழைப்பு, வண்டி காலியானால் முடியும். பயிற்சி, உடலின் நிலை குலையத் தொடங்கிய அக்கணமே முடியும். உழைப்பில் ஒரே தோள், ஒரே பக்கம், ஒரே அசைவு நாள் முழுதும் தொடரும். பயிற்சியில் தள்ளுதலுக்கு ஈடாக இழுத்தலும், முன்பக்கத்துக்கு ஈடாக முதுகுப்பக்கமும் அமையும். உழைப்புக்கு மறுநாள் ஓய்வு என்பது கிடையாது. எனவே, “எங்கள் பையன் வயலிலேயே வேண்டிய மட்டும் பயிற்சி செய்கிறான்” என்று எவரேனும் சொன்னால், அதனை ஒப்புக்கொள்ள இயலாது. சட்டமும் இங்கே ஓர் எல்லை வகுத்துள்ளது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதானாலும் பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோதான் உதவலாம். அதுவும் அபாயமற்ற வேலையாக இருக்கவேண்டும்.

அறுவடைக் காலத்தில் பிள்ளை வயலில் கைகொடுத்த நாள் எதுவோ, அந்நாளைப் பயிற்சி நாளாகக் கணக்கிட்டுவிட்டு, மாலையில் அவனை ஓய்ந்திருக்க விடுவதே முறை.

உடலினுள் நிகழ்வது

இனிப் பயன்களைப் பார்ப்போம். சிறுபிள்ளைகள் பயிற்சி செய்தால் புஜம் பருப்பதில்லை. ஆயினும் வலிமை கூடுகின்றது. தசையைப் பருக்கச் செய்யும் சுரப்பு அவ்வயதில் போதிய அளவு இல்லை. கூடுவது நரம்புக்கும் தசைக்கும் உள்ள இணக்கமே. முன்பு உறங்கிக் கிடந்த தசைநார்களையும் மூளை வேலைக்கு அழைக்கின்றது. எந்தத் தசை எப்போது இறுகவேண்டும், எப்போது தளரவேண்டும் என்னும் ஒழுங்கு ஏற்படுகின்றது. புதிதாகத் தறியில் அமர்ந்தவன் மிதிப்பதும் நாடாவை இழுப்பதும் முதலில் ஒன்றுக்கொன்று முரணி நின்று, சில வாரங்களில் ஒரே ஓட்டமாக அமைந்துவிடுவதை நாம் கண்டதில்லையா? அதுபோன்றதே இதுவும். எட்டு முதல் இருபது வாரங்கள் முறையாகப் பயின்ற பிள்ளைகளின் வலிமை ஏறத்தாழ 30 சதவிகிதம் உயர்வதாக அமெரிக்க வலுப்பயிற்சி நிபுணர் சங்கத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. ஆகவே, மூன்று மாதமாகியும் புஜம் பருக்கவில்லையே என்று பையன் வருந்தினால், முதல் வாரம் எத்தனை தண்டால் எடுத்தான், இன்று எத்தனை எடுக்கிறான் என்பதைக் காட்டுக.

எலும்புக்கும் இப்பருவம் முக்கியமானது. வளர்ந்த மனிதனின் எலும்பில் உள்ள தாதுப்பொருளில் ஏறத்தாழக் கால் பங்கு, விரைந்து வளரும் அந்த இரண்டு ஆண்டுகளிலேயே சேர்ந்துவிடுகின்றது. எலும்பு, தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும் இயல்புடையது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரி 60 நிமிஷம் உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் இயக்கம் அதில் இருக்கவேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. இது பையன்களுக்கு மட்டும் சொன்னதன்று. பெண்பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்திவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டும் பழக்குவது, வீட்டில் பாதிப் பேரின் எலும்பைப் புறக்கணிப்பதாகும்.

தொடங்குமுன்

சொன்னதைக் கேட்டு, அதன்படி செய்யும் பொறுமை பிள்ளைக்கு இருக்கவேண்டும். பதின்மூன்று வயதில் அது பெரும்பாலும் இருக்கும். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவை உள்ளவர்களும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும், ஓடும்போது மயக்கமோ மார்வலியோ கண்டவர்களும், வைத்தியர் அனுமதியின்றித் தொடங்கலாகாது. பெண்பிள்ளை விரைவில் களைப்படைந்து வெளிறித் தோன்றினால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 59 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். அதனைச் சரிசெய்யாமல் பயிற்சியில் இறக்குவது, எண்ணெய் இல்லாத விளக்கைத் தூண்டுவது போலாகும்.

உபகரணம் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. உறுதியான சுவர், திண்ணை, ஒரு மணை, பிடியுள்ள ஒரு பழைய பள்ளிப்பை, இரண்டு பிளாஸ்டிக் புட்டிகள், உலர்ந்த மணல் ஆகியவை போதும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது. அதே புட்டியில் உலர்மணல் நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஒரு சிறு தம்ளர் மணல் சுமார் 300 கிராம் இருக்கும். இத்துணை நுட்பமாக எடையைக் கூட்டவும் குறைக்கவும் இரும்புக் குண்டில் முடியாது. பையின் வாயை நன்கு கட்டுக. இடத்தைத் துடைத்து வைக்க. அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பளுப் பயிற்சியில் காயமுற்ற 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுள் மூன்றில் இரு பங்கினருக்குக் காயம் பட்டது கையிலும் பாதத்திலுமே. பளு நழுவி விழுந்ததும் விரல் நசுங்கியதுமே பெரும்பாலும் காரணம். ஆகவே சிறு தம்பி தங்கைகள் அவ்விடத்தில் தவழவோ விளையாடவோ விடலாகாது. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே தீரவேண்டும்.

பயிற்சிகள்

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டுச் செய்யவேண்டும். திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளலாம். காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலையில், அரை மணி நேரம். முதல் ஐந்து முதல் பத்து நிமிஷம் வேகமாக நடந்தும், மெதுவாக ஓடியும், கைகளைச் சுழற்றியும் உடலைச் சூடாக்கிக்கொள்க.

பஸ்கியே முதற் பயிற்சி. பிள்ளையின் பின்னால் மணையையோ முக்காலியையோ இட்டு, அதில் அமரப்போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்கி, மணையைத் தொட்டவுடன் எழச் சொல்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழலாகாது. முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் பாத விரல்களின் திசையிலேயே செல்லவேண்டும். இங்கே ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. நூறு பஸ்கி, இருநூறு தோப்புக்கரணம் என்று தண்டனையாக விதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. பழக்கமில்லாத கால்களில் அளவுமீறிப் பஸ்கி எடுத்தால் தசைநார்கள் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, சிறுநீரகம் கெடுவதும் உண்டு. தண்டனையாகச் செய்த ஒன்றைப் பின்னர் எந்தப் பிள்ளையும் விரும்பிச் செய்யாது என்பது வேறு.

தண்டாலை நேரே தரையில் தொடங்கக்கூடாது. முதலில் சுவரில் கை ஊன்றி நின்றபடி செய்க. அது எளிதானபின் திண்ணை விளிம்பில் கை ஊன்றுக. திண்ணையில் பதினைந்து தரம் தடுமாற்றமின்றி வந்தபிறகே தரை. தலை முதல் குதிகால் வரை பாவு விரித்தாற்போல் ஒரே நேராக இருக்கவேண்டும். இடுப்பு தொய்ந்தால் அன்றைய தண்டால் முடிந்தது என்று கொள்க.

தண்டாலுக்கு ஈடாக இழுக்கும் பயிற்சி அவசியம் வேண்டும். பெரும்பாலோர் இதனை விட்டுவிடுகின்றனர். இடது கையைத் திண்ணையில் ஊன்றி, முதுகை நேராக்கிக் குனிந்து, மணற்பையை வலக்கையால் விலாவரை இழுத்து மெதுவாக இறக்குக. பின் கை மாற்றுக. தோள்பட்டை எலும்புகள் முதுகின் நடுவை நோக்கி நெருங்குவதைப் பெரியவர் தொட்டுக்காட்டினால் பிள்ளைக்கு விளங்கும்.

நான்காவது, தரையிலிருந்து தூக்கும் முறை. இதனை ஒரு பயிற்சி என்பதைவிட ஆயுட்காலப் பாதுகாப்பு என்று சொல்லலாம். பையைக் காலுக்கு மிக அருகில் வைத்து, முதுகு வளையாமல் இடுப்பில் மடிந்து, முழங்காலைச் சற்றே தாழ்த்திப் பிடித்து, காலின் பலத்தால் எழவேண்டும். தூக்கியபடி உடலைத் திருகக்கூடாது. வெறும் கோலை முதுகில் வைத்து, தலையின் பின்புறம், மேல்முதுகு, இடுப்பெலும்பு ஆகிய மூன்றிடத்திலும் கோல் தொட்டபடியே மடியச் சொன்னால் இரண்டே வாரத்தில் பழகிவிடும். பிற்காலத்தில் மூட்டையோ பாவுச்சுருளோ எதைத் தூக்க நேர்ந்தாலும் இதுவே காக்கும்.

இவற்றோடு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் பத்து முதல் இருபது விநாடி நிறுத்துதல், இரு கையிலும் புட்டியோடு நிமிர்ந்து இருபதடி நடத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்க.

குழித்தறியிலும் விசைத்தறியிலும் வேலை செய்யும் வீடுகளில் பிள்ளைகளும் பள்ளி முடிந்து தார் சுற்றக் குனிந்தே அமர்கின்றனர். பின்னர் கைப்பேசியைக் குனிந்தே பார்க்கின்றனர். அத்தகைய பிள்ளைக்கு ஒரு தரம் தள்ளினால் இரண்டு தரம் இழுக்கும் கணக்கு பொருந்தும். பெற்றோரும் உடன் செய்தால் தவறில்லை.

எண்ணிக்கையும் ஏற்றமும்

முதல் இரண்டு வாரம் மணல் வேண்டாம். வெறும் பையும் வெறும் கையுமே. ஒவ்வொன்றும் பத்துத் தரம், ஒரே சுற்று. மூன்றாம் வாரம் முதல் இரண்டு சுற்று. சுற்றுக்கிடையில் ஒரு நிமிஷமோ இரண்டோ ஓய்வு. பிறகு சிறிது எடை சேர்க்கலாம். ஒருவித எடையில் பதினைந்து தரம், அடுத்தடுத்து இரண்டு நாள், நிலை குலையாமல் செய்துமுடித்தால்தான் அடுத்த ஏற்றம். அந்த ஏற்றமும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கே. ஐந்து கிலோப் பைக்கு ஒரு தம்ளர் மணல்! பையன் இரண்டு கிலோ சேர்க்கச் சொல்லி மன்றாடுவான், இணங்கவேண்டாம். நூல்பண்டல் ஒன்று பத்து ராத்தல், அதாவது நாலரைக் கிலோ என்பதை நம்மவர் அறிவர். தொடக்கத்தில் அதற்குமேல் எடை எந்தப் பயிற்சிக்கும் தேவைப்படாது.

பளுவை உயர்த்தும்போது மூச்சை விடவும், இறக்கும்போது இழுக்கவும் கற்பிக்க. மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும். வாய்விட்டு எண்ணச் சொல்வது எளிய உபாயம். எண்ணுகிறவன் மூச்சை அடக்க முடியாது.

தென்மாவட்டங்களில் சில ஊர்களில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் உண்டு. அது முற்றிய உடலுக்கு உரியது. வளர்ச்சித்தட்டு இறுகாத பிள்ளை, தன்னால் ஒரேயொரு தரம் தூக்கக்கூடிய உச்சப் பளு எது என்று பார்ப்பதே கூடாது. கல்லாயினும் இரும்பாயினும் விதி ஒன்றுதான்.

நோவும் ஆகாரமும்

மறுநாள் தசைகளில் இலேசான நோவு இருப்பது இயல்பு; இரண்டு நாளில் தீரும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம், இரவில் எழுப்பும் வலி, நொண்டுதல் ஆகியவை இயல்பல்ல. பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதையொட்டியும், ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கையொட்டியும் உயரம் திடீரென ஓங்கும். எலும்பு முன்னே நீள, தசை பின்னே தொடர்கின்றது. அச்சமயம் பிள்ளை தடுமாறும். முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள முண்டு வலிப்பதும் உண்டு. அம்மாதங்களில் எடையைக் குறைத்து, குதித்தலை நிறுத்தி, நிலையைச் செம்மைப்படுத்துவதே போதும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்குப் புரதம் சுமார் 45 கிராமும், பெண்ணுக்கு 43 கிராமும் தேவை. ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு தம்ளர் பாலில் ஆறு. ஐம்பது கிராம் பருப்பில் பதினொன்று. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழு. சோற்றிலும் கொஞ்சம் உண்டு. ஆகவே டப்பாவில் அடைத்து விற்கும் புரதப்பொடி வளரும் பிள்ளைக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் மாதம் முழுதும் கடலையும் முட்டையும் வாங்கலாம். ஊசியாகவோ மாத்திரையாகவோ எவரேனும் ஏதேனும் கொடுத்தால் அது பெருங்கேடு. வளர்ச்சித்தட்டை முன்னதாகவே இறுகச் செய்து உயரத்தை உண்மையாகவே தடுப்பது அதுதான். உறக்கம் எட்டு மணிக்குக் குறையலாகாது.

ஆறு மாதத்தில் பையும் புட்டிகளும் போதாமற் போகலாம். பதினைந்து, பதினாறு வயதில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர், முதல் நாள் தாமே உடன் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்து பார்க்கட்டும். புதிதாக வந்தவனுக்கு ஆசான் முதலில் வெறும் கம்பியைக் கொடுத்து நிலையைத் திருத்துகிறாரா, அல்லது கம்பியில் தட்டுகளை ஏற்றிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறாரா என்பதைக் கவனித்தாலே சேர்க்கலாமா என்பது தெரிந்துவிடும்.